விளக்கு வேண்டாம், குப்பைத்தொட்டி போதும்

ஆசிரியருக்கு,

‘கூட்டமில்லாத கடற்கரைகள்’ என்ற கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தேன். வேளாங்கண்ணியில் நிற்க இடமில்லாத நாளிலும், தெற்கே விழுந்தமாவடிப் பக்கம் போனால் மணலும் படகுகளும்தான் என்று எழுதியிருந்தது உண்மை. ஆனால் அங்கே கழிப்பறை, குப்பைத்தொட்டியோடு உயர்கோபுர மின்விளக்குகளும் வேண்டும் என்ற யோசனையில், விளக்குகளைத்தான் ஏற்க முடியவில்லை. ஆண்டின் முதல் சில மாதங்களில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட ஏறிவரும் கரையோரம் இது. 45 முதல் 60 நாளில் பொரித்து வரும் குஞ்சுகள், இரவில் வெளிச்சம் தெரியும் பக்கமே கடல் என்று நம்பி நகரும். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு கடற்கரையில், விடுதி விளக்கைப் பார்த்துத் தார்ச்சாலை வரை வந்துவிட்ட குஞ்சுகளை மீனவர் ஒருவரும் நானும் மீன் கூடையில் அள்ளிக் கடலில் விட்டோம். எத்தனை என்று எண்ணக்கூட நேரமில்லை.

கழிப்பறை, குப்பைத்தொட்டி சரி, அவசியம்தான். விளக்குகளைச் சாலையோடு நிறுத்திவிட்டு, ஜனவரி முதல் மே வரை இருட்டிய பிறகு சுற்றுலாப் பயணிகளை மணலில் இறங்க விடாமல் தடுக்கலாம். அந்தக் காவல் வேலையை உள்ளூர் மீனவ இளைஞர்களுக்கே சம்பளத்துடன் கொடுக்கலாம்.

– ஒரு வாசகர், நாகப்பட்டினம்