முறையியல் அத்தியாயத்தில் செய்ததை எழுத விடுங்கள்

கொழும்பில் முதுமாணி ஆய்வேடுகளை மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர்களுக்கும் ஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு மாணவர்களின் ஆய்வேடுகளைச் செம்மைப்படுத்திக் கொடுத்து வருகிறேன். முதல் இரண்டு அத்தியாயங்களில் ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரிகிறது. ஆய்வை எப்படிச் செய்தார் என்று சொல்லவேண்டிய மூன்றாவதான முறையியலுக்கு வந்ததும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை ஆகிவிடுகின்றன. வங்கி ஊழியரின் வேலைத் திருப்தியை ஆராய்ந்தவரும் மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த பெண்களை ஆராய்ந்தவரும் அதே பந்திகளையே எழுதுகிறார்கள்: நேர்க்காட்சிவாதம் (கண்டு அளக்கக்கூடியதே அறிவு என்னும் கொள்கை) என்றால் என்ன, லிக்கர்ட் அளவுகோல் (ஒரு கூற்றை எவ்வளவு ஏற்கிறார் என்று படிப்படியாகக் குறிப்பது) என்றால் என்ன. எதை ஏன் செய்தார், செய்யப்போனபோது என்ன நடந்தது என்பதைத்தான் காணவில்லை.

384 என்ற எண் இந்த அத்தியாயங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று காட்ட 1970இல் கிரெஜ்சியும் மோர்கனும் வெளியிட்ட அட்டவணையில், ஆராயப்படும் குடித்தொகை பத்து லட்சம் என்றால் கேட்கவேண்டிய மாதிரி 384 பேர். ஆயிரம் என்றால் 278. முழுப் பெயர்ப்பட்டியலும் கையில் இருக்கிறது, அதிலிருந்து எழுமாற்றாக ஆட்களைத் தெரிவு செய்கிறோம் என்று வைத்துக்கொண்டு, 5 சதவீத வழு எல்லைக்குள் போட்ட கணக்கு அது. நம் மாணவரோ கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்கிறார். யார் கண்ணில் படுகிறதோ, யாருக்கு நேரம் இருக்கிறதோ, அவர் நிரப்புகிறார். அப்படி 384 பேர் சேர்ந்தாலும் சரி, ஆயிரம் பேர் சேர்ந்தாலும் சரி, அந்த 5 சதவீதத்தை உரிமை கோர முடியாது. இப்படிக் கைக்கெட்டியவர்களைச் சேர்க்கும் வசதி மாதிரி எடுப்பதில் குற்றம் இல்லை. பல தலைப்புகளுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் வசதி மாதிரி என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே அந்த அட்டவணையைச் சான்று காட்டுவது பிழை. மாணவர் அறியாமல் எழுதலாம். கையெழுத்திட்டு அனுப்பும் நீங்கள் அறிவீர்கள்.

கடந்த ஆண்டு ஒரு மாணவி புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்தார். நான்காம் குறுக்குத்தெருவில் லொறியிலிருந்து உருளைக்கிழங்கு இறக்கும் இடத்தில் கூலியைப் பற்றிக் கேட்டபோது, முதலாளி பக்கத்தில் நிற்க, எல்லோரும் “பரவாயில்லை” என்றே சொன்னார்கள். வேலை ஓய்ந்த பின்னேரத்தில் தேநீர்க் கடைக்குப் போய் அதே ஆட்களிடம் அதே கேள்வியைக் கேட்டார். முற்பணமாக வாங்கிய காசு, அது கழியும் விதம், முதுகுவலிக்கு வாங்கும் மாத்திரை என்று பேச்சு அவிழ்ந்தது. ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதும் வாய் அடைத்துப்போகிறது என்பதால் அதை வெளியே எடுக்காமல், திரும்பும் பஸ்ஸிலேயே குறிப்பு எழுதினார். இரண்டு இடத்துப் பதில்களும் எங்கே முரண்பட்டன, எதை ஏன் கூடுதலாக நம்பினார் என்றெல்லாம் இரண்டு பக்கங்கள் எழுதியிருந்தார். முறையியல் என்றால் இதுதான்!

அந்த இரண்டு பக்கங்களையும் மேற்பார்வையாளர் சிவப்புக் கோடு போட்டு நீக்கச் சொன்னார். அங்கே வந்து உட்கார்ந்தது அரைக் கட்டமைப்பு நேர்காணலின் (சில கேள்விகளை முன்கூட்டி வைத்துக்கொண்டு மற்றதைப் பேச்சின் போக்கில் கேட்பது) வரைவிலக்கணமும் அதன் நன்மை தீமைகளும். தொழிலாளர்களின் வார்த்தையைப் படிப்பவர் நம்புவதற்கு இருந்த ஒரே ஆதாரம் போய்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

உங்கள் சுமை எனக்குத் தெரியும். ஒருவர் தலையில் பல மாணவர்கள், நெருக்கும் காலக்கெடு. வார்ப்புரு இருந்தால் திருத்துவது சுலபம். ஆனால் எல்லோரும் ஒரே வரைவிலக்கணங்களை எழுதுவதால் பிறர் எழுத்தைப் பிரதி செய்ததா என்று பார்க்கும் மென்பொருளில் ஒப்புமை வீதம் ஏறுகிறது. அதைக் குறைக்க மாணவர் சொற்களை மாற்றி மாற்றிப் பொருள் கெட எழுதுகிறார். அதைத் திருத்தும் வேலையும் உங்களிடமே வருகிறது.

முன்மொழிவில் ‘செய்யப்படும்’ என்று எழுதிய அத்தியாயத்தைக் களப்பணி முடிந்ததும் புதிதாக எழுத வையுங்கள். வெறுமனே ‘செய்யப்பட்டது’ என்று வினைமுற்றை மாற்றிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். வினாக்கொத்து எத்தனை பேருக்குப் போனது, எத்தனை திரும்பியது, எவை தள்ளப்பட்டன, முன்னோட்டச் சோதனையில் எந்தக் கேள்வி விளங்கவில்லை என்று கேளுங்கள். வாய்மொழித் தேர்வில் “உமது ஆய்வுத் தத்துவம் என்ன?” என்பதற்கு முன், “இந்த ஆட்களை எங்கே, எப்படிச் சந்தித்தீர்?” என்று கேளுங்கள். ஆய்வேட்டு வழிகாட்டியில், வரைவிலக்கணங்கள் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். அடுத்த தொகுதியின் முன்மொழிவுகள் உங்கள் மேசைக்கு வருவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வேடுகளைச் செம்மைப்படுத்தும் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு