கீழ் மண்டபத்துப் பெற்றோருக்கு மேல்மாடியிலிருந்து ஒரு மடல்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளின் புத்தகப் பையையும் தூக்கிக்கொண்டு பக்கக் கதவால் வந்து, படியிறங்கி, கீழ் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்குப் போகிறவர்கள் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை முன்கதவால் வந்து மேலே ஆராதனைக்குப் போகிறவள் நான். ஸ்காபரோவில் ஒரே கட்டடத்தை இத்தனை வருடமாகப் பகிர்ந்துகொள்கிறோம். ஆனால் உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் சமையலறைச் சன்னலுக்குள்ளால்தான் தெரியும்.

நீங்கள் கையெழுத்திட்டு, எங்கள் சபையை நிர்வகிக்கும் மூப்பர் மன்றத்துக்கு அனுப்பிய கடிதத்தை வாசித்தேன். ஒருபால் உறவில் இருப்பவர்களையும் வரவேற்கிறோம் என்று காட்டப் பக்கக் கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வானவில் நிறப் படத்தைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் வகுப்பை வேறு இடத்துக்கு மாற்றுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மன்றத்தின் பதில் முறைப்படி ஆங்கிலத்தில் வரும். இது அந்தப் பதில் அல்ல. நானும் அந்த மன்றத்தில் ஒரு மூப்பர்தான் என்றாலும், இதை மானிப்பாயில் பிறந்து 1988இல் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த ஒருத்தியாக, உங்களில் ஒருத்தியாக எழுதுகிறேன். நீங்கள் போய்விடக் கூடாது. அந்தப் படமும் அங்கேயே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது.

முதலில் பழைய கதை ஒன்று. பதினெட்டு வருடங்களுக்கு முன் உங்கள் வகுப்பை நடத்தியவர்கள் மண்டபம் கேட்டு வந்தபோது, எங்கள் மூப்பர் மன்றம் இரண்டு கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசியது. தமிழ் படிப்பிப்பதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. நவராத்திரியில்தான் தடக்கியது. விஜயதசமிக்கு ஏடு தொடக்குவார்களாம், சரஸ்வதி படம் வைத்துக் குத்துவிளக்கு ஏற்றுவார்களாம், ஒரு பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தின் கூரையின்கீழ் இது நடக்கலாமா என்று சிலர் மிகுந்த மனவருத்தத்தோடு கேட்டார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. ஊரில் என் அப்பாவும் அதையேதான் கேட்டிருப்பார். கடைசியில் வாக்கெடுப்பில் மூன்று வாக்கு வித்தியாசத்தில் சம்மதம் கிடைத்தது. அந்த மாதமே கதவுக் கண்ணாடியில் 'தமிழ் வகுப்பு கீழே' என்ற காகிதம் ஏறியது. அதைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் எங்கள் சபையை விட்டுப் போனது.

நீங்கள் கழற்றச் சொல்லும் படம் அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு உள்ளங்கை அளவு. குளிர்காலத்து உப்புத் தண்ணீர் தெறித்துத் தெறித்துக் கீழ் மூலை உரிந்து சுருண்டுவிட்டது. போன மாதம் ஒரு சின்னப் பெண், ஆறு வயது இருக்கும், அம்மாவின் கார் வரும்வரை அதற்கு முன்னால் நின்று விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுச் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று வகுப்பில் நிறங்கள் படிப்பித்திருக்க வேண்டும். செம்மஞ்சளில் நாக்குச் சிக்கி, திரும்பத் தொடங்கினாள். நான் பாத்திரம் துடைப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

உங்கள் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. எனக்கும் அது இருந்தது. நான் வளர்ந்தது 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கன் மிஷன் வழிவந்த சபையில். ஆணும் பெண்ணும் சேர்வதுதான் திருமணம் என்பதை யாரும் எனக்குப் படிப்பிக்கவே தேவையிருக்கவில்லை. காற்றைப் போல அது இருந்தது. 2019இல் கனடா பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் பொதுப்பேரவை இந்த விடயத்தை நாடு முழுவதும் உள்ள பிரெஸ்பிட்டரிகள் என்ற வட்டார மன்றங்களின் வாக்குக்கு அனுப்பியது. கோவிட்டால் அடுத்த வருடப் பேரவை கூடவில்லை. 2021 ஜூனில்தான் முடிவானது. ஆணும் பெண்ணும் செய்கிற உடன்படிக்கை, வயதுவந்த இருவர் செய்கிற உடன்படிக்கை என்று இரண்டு விளக்கங்களையும் சபை ஏற்றுக்கொண்டது. ஒருபால் உறவில் திருமணமானவர்கள் போதகராகவும் மூப்பராகவும் அபிஷேகம் பெறலாம் என்றும் ஆனது. மனச்சாட்சி இடம்கொடுக்காத போதகரை அப்படியொரு திருமணத்தை நடத்தச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அதே முடிவுக்குள் இருக்கிறது. அதனால்தான் நான் இன்னும் இங்கே இருக்கிறேன், என்னோடு ஒத்துப்போகாதவர்களும் இருக்கிறார்கள்.

மனம் மாற எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. புத்தகம் வாசித்து மாறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு இளைஞன் வந்து நின்றான். நம் பிள்ளை. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. ஆங்கிலத்தில் தொடங்கி, நான் தமிழ் என்று கண்டதும் தமிழுக்கு மாறினான். கீழே, இதே மண்டபத்தில், சின்ன வயதில் ஆனா ஆவன்னா படித்தவன் அவன். கதவில் இருக்கும் அந்தப் படம் உண்மையாகத்தானா, இல்லை சும்மா ஒட்டியிருக்கிறார்களா என்று கேட்டான். வீட்டை விட்டு வந்து ஐந்து மாதம் என்றான். அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும்போல் இருக்கும்போது வீட்டு நம்பரை அழுத்தி, அம்மா ஹலோ சொன்னதும் வைத்துவிடுவானாம். எனக்குக் கை நடுங்கிக் கோப்பி சாசரில் கொட்டியது. என்ன பதில் சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அவனை இருத்திச் சாப்பிட வைத்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பிள்ளையின் அம்மா உங்களில் ஒருவராக இருக்கலாம். அவன் யாரென்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் கீழே இப்போது மூன்று வகுப்பறை நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் யாரோ ஒருவர் பத்து வருடம் கழித்து ஒரு கதவைத் தேடலாம். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரிந்த ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

நல்லெண்ணத்தோடு பிள்ளைகளைத் திருத்தப் போய் எங்கள் திருச்சபை என்ன செய்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்ராறியோவின் கெனோராவில் செசிலியா ஜெஃப்ரி என்று ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. முதற்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, அவர்களுடைய மொழியை மறக்கச் செய்து, கனேடியராக்குவது அந்தப் பள்ளிகளின் வேலை. செசிலியா ஜெஃப்ரியை நடத்தியது பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை. அங்கே சேனி வென்ஜாக் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் இருந்தான். சேனி என்று கூப்பிடக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை, சார்லி என்று மாற்றினார்கள். 1966 அக்டோபரில் அவன் தப்பி ஓடினான். அறுநூறு கிலோமீற்றர் தள்ளியிருந்த அப்பாவின் வீட்டுக்கு ரயில் தண்டவாளம் வழியாக நடந்தே போகலாம் என்று புறப்பட்டான். ஒரு மெல்லிய சட்டை, ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலுக்குள் கொஞ்சம் தீக்குச்சி. ஒரு வாரம் கழித்துத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிணமாகக் கிடந்தான்.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத்தில் அமெரிக்கன் மிஷன் நடத்திய வட்டுக்கோட்டை செமினரி ஞாபகம் வரும். அங்கேயும் படிப்புச் செலவைக் கொடுத்த அமெரிக்கர்களின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சூட்டினார்கள். நமக்குப் படிப்பும் வந்தது, மொழியும் தப்பியது. இங்கே முதற்குடிப் பிள்ளைகளுக்கு அப்படித் தப்பவில்லை.

1994 அக்டோபரில் வின்னிபெக்கில் எங்கள் திருச்சபை முதற்குடி மக்களின் முன்னால் தன் குற்றத்தை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டது. அந்த அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை ஆராதனையில் எழுந்து நின்று வாசிக்கிறோம். பிள்ளைகளிடமிருந்து மொழியைப் பறித்த ஒரு சபையின் கீழ்த்தளத்தில் இன்று பிள்ளைகள் தாய்மொழி படிக்கிறார்கள். நீங்கள் போய்விட்டால் நாங்கள் இழப்பது மண்டப வாடகையை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

செப்டம்பர் 30 மாலை அந்த ஆராதனை நடக்கும். செம்மஞ்சள் சட்டை போட்டு வருவோம். ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற பெண் ஆறு வயதில் விடுதிப் பள்ளிக்குப் போன முதல் நாளில், பாட்டி வாங்கிக் கொடுத்த செம்மஞ்சள் சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டார்களாம். அதன் ஞாபகமாகத்தான் நாடு முழுவதும் அந்த நிறம். உங்கள் பிள்ளைகள் தமிழில் ஒரு பாட்டுப் பாடித் தருவார்களா என்று ரீச்சரிடம் ஏற்கனவே கேட்டிருக்கிறேன். சாமிப் பாட்டு வேண்டாம், வகுப்பில் பாடுகிற எதுவும் சரி.

அதற்கு அடுத்து, அக்டோபர் முதல் ஞாயிறு உலகத் திருவிருந்து ஞாயிறு. 1933இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் சபைதான் இதைத் தொடங்கியது. பல நாட்டு அப்பங்கள் மேசைக்கு வரும். கொரியக் குடும்பம், கானாக் குடும்பம், எல்லாரும் ஒவ்வொன்று கொண்டுவருவார்கள். போன வருடம் நான் தேங்காய்ப்பூ ரொட்டி சுட்டுக் கொண்டுபோனேன். போதகர் அதைப் பிட்கப் பட்ட பாட்டைப் பார்த்து, இந்த முறை இன்னும் மெல்லிசாகத் தட்ட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். நன்றியறிதல் நாளுக்கு முந்தின சனிக்கிழமை கீழ் மண்டபத்தில் பொது விருந்து. உங்கள் வகுப்பு முடிகிற நேரம்தான் மேசை போடத் தொடங்குவோம். காசும் இல்லை, பிரசங்கமும் இல்லை. தனியாக இருக்கிற முதியவர்களும், உணவு வங்கிக்கு வருகிறவர்களும், நாங்களும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். சைவச் சாப்பாட்டுக்கு இதுவரை நான் ஒருத்திதான் பொறுப்பு.

நவம்பரில் இன்னொரு வேலை வருகிறது. அதற்குத்தான் உங்கள் கை மிகவும் தேவை. எங்கள் சபை ஒரு எரித்திரியக் குடும்பத்துக்குப் பொறுப்பேற்றிருக்கிறது. ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும். தனியார் பொறுப்பேற்பு என்ற இந்த முறை கனடாவில் 1979இலிருந்து இருக்கிறது. வருகிற குடும்பத்துக்கு ஒரு வருடம் வீட்டு வாடகை, சாப்பாடு, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, டொக்டரிடம் கூட்டிப்போவது எல்லாம் பொறுப்பேற்றவர்கள் பார்க்க வேண்டும். பணம் சேர்ந்துவிட்டது. குறைவது ஆட்கள். முதல் பனியில் ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து எப்படி வாங்க வேண்டும், வங்கியில் என்ன கேட்பார்கள், வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு இரண்டு மாதம் பதிலே வராதபோது மனம் என்ன பாடுபடும் என்று இங்கே பிறந்த எங்கள் சபையாருக்குக் கேள்விப்பட்டுத்தான் தெரியும். உங்களுக்குப் பட்டுத் தெரியும்.

1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் பனிமூட்டத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கண்டு கரைசேர்த்தார்கள். வந்த வழியைப் பற்றி அவர்கள் முதலில் உண்மை சொல்லவில்லை என்று இங்கே பெரிய கோபம் எழுந்தது. இருந்தும் தங்க இடம் கிடைத்தது. அந்தப் படகில் வராத நாமும் அந்த இரக்கத்தின் நிழலில்தான் வந்து இறங்கினோம். அந்த மீனவர்கள் முதலில் கயிறு எறிந்தார்கள்; கேள்வியெல்லாம் பிறகுதான் வந்தது.

டிசம்பர் 21, வருடத்தின் மிக நீண்ட இரவில், கிறிஸ்மஸ் கொண்டாட மனம் வராதவர்களுக்காக ஒரு மெழுகுதிரி ஆராதனை வைக்கிறோம். வெளிச்சம் குறைவாக இருக்கும். பேச்சும் குறைவு. இழந்தவரின் பெயரை ஒரு துண்டில் எழுதித் திரிக்குப் பக்கத்தில் வைக்கலாம். போன வருடம் நான் என் தம்பியின் பெயரை எழுதினேன். இறந்தானா என்று தெரியாதவனின் பெயரை எழுதலாமா என்று போதகரிடம் கேட்டேன். எழுதுங்கள் என்றார். இந்த ஒன்றுக்கு நீங்கள் எந்தச் சமயம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. உங்களில் பலருக்கும் எழுத ஒரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரியில் பொங்கலுக்கு வழக்கம்போல மண்டபம் உங்களுக்குத்தான். அந்தத் திகதியில் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. போகிறவர்கள் என்று நினைத்து அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கூட்டம் அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் ஒரு அரை மணி நேரம் மேலே வாருங்கள். பத்தரைக்குத் தேத்தண்ணி வைத்து, வடையும் சுட்டு வைத்திருப்பேன். கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள், கோபமாக இருந்தால் கோபத்தோடேயே கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உள்படியால் ஏறி வரலாம், பூட்டைத் திறந்து வைக்கிறேன். இடது பக்கக் கைபிடி ஆடுகிறது, சின்னப் பிள்ளைகளை வலது பக்கத்தால் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
சமையலறைச் சன்னலில் நீங்கள் காணும் அக்கா