போனை மாற்றச் சொன்ன ஆசிரியருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செய்தித் தளங்கள் திறக்க நேரமாகிறதே என்று போன ஞாயிறு இணைப்பில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'போனை மாற்றும் காலம் வந்துவிட்டது' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டீர்கள். எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்க வேண்டியதில்லை, பக்கத்திலேயே விளம்பரம் இருந்தது.

பழைய வண்ணாரப்பேட்டையில் 14 வருடமாக ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் வைத்திருக்கிறேன். என் பழைய போனில் குரோம் செட்டிங்ஸுக்குப் போய் ஜாவாஸ்கிரிப்டை, அதாவது பக்கத்துக்குள் ஓடும் நிரல்களை, அணைத்துவிட்டு உங்கள் தளத்தைத் திறந்தேன். அதே போன், அதே சிம். செய்தி சட்டென்று வந்து நின்றது. திரும்பப் போட்டதும் பழையபடி வெள்ளைத் திரை. சரி, கிழடு தட்டியது எது?

கடைக் கம்ப்யூட்டரில் தங்கை மகன் உள்ளே திறந்து காட்டினான். வருகையை எண்ண ஒரு டேக் (அதுவும் ஒரு குட்டி ஜாவாஸ்கிரிப்ட்தான்), விரல் எங்கே போகிறது என்று பார்க்க இன்னொன்று, விளம்பர ஏலத்துக்கு ஒரு கூட்டம், டேக்குகளைச் சேர்த்துவிடும் டேக் மேனேஜர் கூட்டிவரும் சொந்தபந்தம். இந்த ஸ்கிரிப்டுகளில் சில பக்கத்தின் தலைப்பகுதியிலேயே வழிமறித்து நிற்கின்றன. அவை இறங்கி ஓடி முடியும்வரை பிரவுசர் கீழே நகராது. "அசிங்க் போடல மாமா" என்றான். பக்கத்தை நிறுத்தாமல் ஸ்கிரிப்டை இறக்கச் சொல்லும் வார்த்தையாம் அது. என் காதில் அசிங்கம் என்றே விழுந்தது.

உங்களுக்குத் தெரியாததா? 2018 மே மாதம் ஐரோப்பாவில் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அமெரிக்க நாளிதழ் யுஎஸ்ஏ டுடே அங்குள்ளவர்களுக்கு இந்த டேக்குகளைக் கழற்றிவிட்டுத் தனிப் பக்கம் போட்டது. 5.2 எம்பி இருந்த பக்கம் 500 கேபி, அதாவது பத்தில் ஒரு பங்கு, ஆனது. யாரும் போனை மாற்றவில்லை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, சிக்னல் ஒரு கோடு. சாப்பாடு எந்தப் பள்ளியில் தருகிறார்கள் என்று பார்க்க உங்கள் தளத்தைத்தான் திறந்தேன். நகைக்கடை விளம்பரம் வந்தது, சார்ஜ் தீர்ந்தது. அப்புறம் எண்ணூரில் எண்ணெய் படர்ந்ததை உள்பக்கத்தில் நாலு வரியாகப் போட்டீர்கள். வெட்டுக்குத்து என்றால்தானே எங்கள் பக்கத்துக்கு முதல் பக்கம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பற்றி நான் எழுதிய 2 கடிதங்களும் இன்னும் லோடாகிக்கொண்டிருக்கின்றன போலும்.

எழுத்து வந்தபின் டேக்குகள் வரும்படி செய்யச் சொல்லுங்கள். யார் எதற்குப் போட்டது என்றே நினைவில்லாதவற்றை எடுத்துவிடலாம். அதுவும் முடியாதென்றால் மழை எச்சரிக்கை நாட்களில் மட்டுமாவது. ஐப்பசிக்குள் செய்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
போன் மாற்றாத சந்தாதாரர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21