இருபத்தேழு நாட்கள்

திருகோணமலை

அன்புள்ள நண்பருக்கு,

உமது நாவலின் தட்டச்சுப் பிரதி போன கிழமை வந்து சேர்ந்தது. வெண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் நான் முழுமையாகப் படித்த முதல் எழுத்து அதுதான். கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கும் இந்நாட்களில், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன்.

புல்மோட்டை மணல் பற்றிய ஆய்வறிக்கையில் மூன்றாம் பக்கம் மட்டும் வேறொரு தட்டச்சுப்பொறியில் அடிக்கப்பட்டிருப்பதை, உமது இளம் புவிச்சரிதவியலாளர் கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) கோப்பு அறையில் கண்டுபிடிக்கும் இடத்தில், துவக்குச் சத்தம் எதுவும் இல்லாமலே எனக்கு நெஞ்சு படபடத்தது. அமைச்சரின் செயலாளர் தேநீரை ஆறவிட்டுப் பேசாமல் இருப்பதும் அப்படியே. பிற்பகுதியில் வரும் படகுத் துரத்தல்களை எல்லாம் இந்த ஒரு காட்சிக்காக நான் விட்டுக்கொடுப்பேன்.

ஆனால் முப்பது ஆண்டுகள் இரசாயனம் படிப்பித்தவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இல்மனைற், உருத்தைல், சிர்க்கோன் ஆகிய கனிமங்களோடு அந்த மணலில் மிகச் சிறிய அளவில் மொனசைற்றும் உண்டு என்பதும், அதில் தோரியம் இருக்கிறது என்பதும் உண்மையே. எனினும் உமது கதையில் மணல் மூட்டைகளைக் கடத்தியவர்கள் ஒரே கிழமையில் அணுகுண்டோடு மிரட்டுவது நடவாத காரியம். தோரியம்-232 தானாகப் பிளவுறும் எரிபொருள் அன்று. அணு உலையில் நியூத்திரனை ஏற்று, புரோட்டக்டினியம்-233 ஆகி, அதன் பின்னரே பிளவுறக்கூடிய யுரேனியம்-233 ஆக மாறுகிறது. அந்த இடைநிலைப் பொருளின் அரைவாழ்வுக்காலம், அதாவது அதில் பாதி மாறுவதற்கு எடுக்கும் காலம், ஏறத்தாழ 27 நாட்கள். பாரும், நீர் தேடிய கடிகாரம் இதோ இருக்கிறது! எவராலும் விரைவுபடுத்த முடியாத அந்த 27 நாட்களுக்குள் உமது நாயகி உண்மையை வெளிக்கொணர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வில்லனும் அவளோடு சேர்ந்து காத்திருந்தே ஆகவேண்டும்.

நம் நாட்டில் அணு உலை இல்லாதபடியால் மணல் கடல் தாண்டவேண்டும். அங்கேதான் உமது அரசியலுக்கும் வேர் கிடைக்கிறது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு இரு நாட்டுத் தலைவர்களும் பரிமாறிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் திருகோணமலைத் துறைமுகம் வழங்கப்படமாட்டாது என்று இருக்கிறது. அதே கடிதங்கள் துறைமுகத்தை அடுத்துள்ள சீனன்குடா எண்ணெய்த் தொட்டிகளையும் பேசுகின்றன. ஆகவே, பெயரில்லாத உமது 'வெளிநாட்டுக் கப்பல்' உட்துறைமுகத்துக்குள் நுழைந்த கணமே கொழும்பிலும் டில்லியிலும் தொலைபேசிகள் அலறியிருக்க வேண்டும். நீரோ அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்.

சிறு திருத்தம்: தொட்டிகள் நூறு என்று எழுதியிருக்கிறீர், இன்று நிற்பவை 99. 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்துபோன தொட்டியைப் பற்றி அங்குள்ள எந்தக் காவலாளியும் உமக்குச் சொல்லியிருப்பான். பற்றை மூடிக் கிடக்கும் அந்த இடத்தைச் செயலாளரின் இரகசியச் சந்திப்புக்கு வைத்தது நல்ல தெரிவு, மாற்றவேண்டாம்.

பதினோராம் அத்தியாயத்தைத் திருத்தியதும் அனுப்பும். எழுத்தைச் சற்றுப் பெரிதாக அச்சிட்டால் நல்லது. மற்றக் கண்ணுக்கு இன்னும் சத்திரசிகிச்சை செய்யவில்லை.

உமது பழைய நண்பன்