எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்புத் திட்டங்களை நடத்துவோருக்குத் திறந்த மடல்

திட்டங்களை வகுப்போருக்கும், அவற்றைச் செயல்படுத்தும் மருத்துவமனைகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

2030க்குள் எட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் 90-70-90 இலக்கு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். 15 வயதுக்குள் சிறுமியரில் 90% பேருக்கு ஹெச்.பி.வி. (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) தடுப்பூசி, 35 வயதுக்குள் ஒரு முறையும் 45க்குள் மறுமுறையும் பெண்களில் 70% பேருக்குப் பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டவர்களில் 90% பேருக்குச் சிகிச்சை. இந்த மடல் மூன்றாவது எண்ணைப் பற்றியது. சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு வைக்கிறீர்கள். புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றத்தை வெட்டி எடுத்தபோது ஒவ்வொருவரிடமிருந்தும் எவ்வளவு திசு எடுக்கப்பட்டது என்று பல படிவங்கள் கேட்பதே இல்லை. சில வருடம் கழித்து அந்தப் பெண் கர்ப்பமாகி வரும்போது மகப்பேறு மருத்துவர் தேடுவது அந்த அளவைத்தான். கையில் கிடைப்பதோ, "கர்ப்பப்பை வாயில் ஏதோ சதை எடுத்தாங்க" என்ற ஒரு வரி.

அளவு ஏன் முக்கியம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கர்ப்பப்பை வாய் மாதக்கணக்கில் பாரம் தாங்குவது கொலாஜன் நார்த்திசுவின் உறுதியால். வாய்ப்பாதைச் சுரப்பிகள் சுரக்கும் கெட்டிச் சளி, யோனிக் கிருமிகள் மேலே ஏறாமல் அடைத்து நிற்கிறது. லீப் எனப்படும் முறையின் மின்கம்பி வளையமோ கத்தியோ மாற்றமடைந்த பகுதியை வெட்டி எடுக்கும்போது நார்த்திசுவும் சுரப்பிகளும் சேர்ந்தே போகின்றன. அதனால் கர்ப்பத்தின் நடுவிலேயே வாய் குட்டையாகித் திறக்கலாம். கிருமி ஏறிப் பனிக்குடம் முன்கூட்டியே உடையலாம்.

பி.எம்.ஜே. மருத்துவ இதழில் 2016இல் வெளிவந்த தொகுப்பாய்வு 71 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சை பெற்றவர்களில் 10.7% பேருக்கு 37 வாரத்துக்கு முன்பே பிரசவமானது, பெறாதவர்களில் 5.4%. இந்த இரட்டிப்பு சராசரிக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். எடுத்த திசுவின் நீளம் 10-12 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தவர்களுக்கு ஆபத்து ஒன்றரை மடங்கு. 15-17ஐத் தாண்டியபோது 2.8 மடங்கு, 20ஐத் தாண்டியபோது கிட்டத்தட்ட 5 மடங்கு. இரண்டாம் முறை வெட்டப்பட்டவர்களுக்கு 3.8 மடங்கு. இந்த உயர்வு முழுவதையும் கத்தியின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. மாற்றம் இருந்தும் சிகிச்சை பெறாத பெண்களுக்கே மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் ஆபத்து இருப்பதை அதே ஆய்வு காட்டுகிறது. இங்கிலாந்துப் பதிவுகளை வைத்து 2014இல் வந்த ஆய்விலும் 10 மி.மீ.க்குக் குறைவாக எடுக்கப்பட்டவர்களின் ஆபத்து, பயாப்ஸி மட்டும் செய்துகொண்டவர்களுடையதைவிடக் கூடவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் சி.ஐ.என். 3 (புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றத்தின் 1 முதல் 3 வரையிலான படிகளில் தீவிரமானது) உள்ள பெண்ணிடம் "குழந்தை பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடச் சொல்லிவிடக் கூடாது. நியூசிலாந்தில் உரிய சிகிச்சை இல்லாமல் விடப்பட்ட சி.ஐ.என். 3 பெண்களைப் பின்னாளில் கணக்கெடுத்தபோது, 30 ஆண்டுகளில் நூற்றுக்கு 31 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. சி.ஐ.என். 3 என்றால் சிகிச்சை வேண்டும். அதில் பேரம் இல்லை.

பேரத்துக்கு இடம் இருப்பது சி.ஐ.என். 2இல். 2018இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வில், கண்காணிப்பில் மட்டும் வைக்கப்பட்ட சி.ஐ.என். 2 பெண்களில் பாதிப் பேருக்கு இரண்டு வருடத்தில் மாற்றம் தானாக மறைந்தது. 30 வயதுக்குட்பட்டவர்களில் இது 60%. 6 மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வரக்கூடிய, மாற்றப் பகுதி (வாயில் இருவகைச் செல்கள் சந்திக்கும், இந்த மாற்றங்கள் தோன்றும் இடம்) முழுதும் கண்ணுக்குத் தெரிகிற இளம் பெண்ணுக்குக் காத்திருப்பது நியாயமான வழி. வருவாரா என்பது சந்தேகம் என்றால் கணக்கு மாறிவிடும். சி.ஐ.என். 1ஐ வெட்ட அவசரமே இல்லை. பயாப்ஸி இல்லாமல் பார்த்த அன்றே வெட்டிவிடும் முறை, திரும்பி வர வழியில்லாதவர்களுக்கு உதவும். குழந்தை பெற வேண்டிய வயதில் இருப்பவருக்கு அதையே வழக்கமாக்கினால், ஒன்றும் இல்லாத வாயையும் வெட்டியிருப்பீர்கள்.

வெட்டாமல் அழிக்கவும் முடியும். மாற்றப் பகுதி முழுதும் தெரிய வேண்டும், பாதிப்பு வாய்ப்பாதைக்குள் நுழைந்திருக்கக் கூடாது, புற்றுநோய்ச் சந்தேகம் துளியும் இருக்கக் கூடாது. அப்படியானால் கிரையோ (உறையவைத்து அழித்தல்) அல்லது தெர்மல் அப்லேஷன் போதும். தெர்மல் என்றால் 100 டிகிரி சூட்டில் ஒரு முறைக்கு 20 முதல் 30 விநாடி. நார்த்திசு இழப்பு குறைவு. ஆனால் ஆய்வகத்துக்கு அனுப்பத் திசு மிஞ்சாது. முன்கூட்டிய பயாப்ஸி இங்கே இரட்டிப்பு முக்கியம்.

இனி லீப். மாற்றப் பகுதி முழுதும் வெளிவாயில் இருக்கும் முதல் வகைக்கு 7 முதல் 10 மி.மீ. நீளம் போதும். ஒரு பகுதி வாய்ப்பாதைக்குள் இருந்தாலும் முழுதும் தெரிகிற இரண்டாம் வகைக்கு 10 முதல் 15. மேல் எல்லை கண்ணுக்கே தெரியாத மூன்றாம் வகைக்கு மட்டும் 15 முதல் 25. வகையைக் குறிக்காமலே எல்லோருக்கும் மேஜையில் கிடக்கும் பெரிய வளையத்தை எடுப்பதுதான் நடைமுறையில் நேரும் முதல் தவறு. அடுத்தது, 10 மி.மீ. வளையம் போட்டால் 10 மி.மீ.தான் வரும் என்ற நம்பிக்கை. வளையத்தை அழுத்தினால் அது திசுவுக்குள் அதிகமாக இறங்கும். வேகமாக இழுத்தால் ஒரு பக்கம் மேலோட்டமாகப் போய், மறுபடி ஒரு வெட்டு தேவைப்படும். வெறும் கண்ணால் பார்த்து வெட்டாமல் கால்போஸ்கோப் (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வழியே பார்த்தபடி, ஒரே வீச்சில், ஒரே துண்டாக எடுக்க வேண்டும். ரத்தக் கசிவை நிறுத்த உருண்டை மின்முனையால் அடிப்பரப்பைத் தேவைக்கு மேல் சுட்டால், அந்தத் திசுவும் இழப்பில் சேரும். அது எந்த அளவீட்டிலும் வராது.

எடுத்த துண்டை ஃபார்மலினில் போடுவதற்கு முன், அங்கேயே ஸ்கேலில் அளந்து எழுதுங்கள். ஃபார்மலினில் திசு சுருங்கும். ஆய்வக அறிக்கையில் "2.2 x 1.4 x 0.9 செ.மீ." என்று மூன்று எண் வரும், எது வாய்ப்பாதை நெடுகிலான நீளம், எது தடிமன் என்று படிப்பவருக்குத் தெரியாது. கால்போஸ்கோபிக்கான சர்வதேச கூட்டமைப்பு 2011லேயே பெயர்களைத் தெளிவாக்கிவிட்டது: வெளி ஓரத்திலிருந்து உள் ஓரம் வரை நீளம், மேற்பரப்பிலிருந்து அடிப்பரப்பு வரை தடிமன், மூன்றாவது சுற்றளவு. "ஆழம்" என்ற சொல்லை ஒருவர் நீளத்துக்கும் இன்னொருவர் தடிமனுக்கும் எழுதிக் குழப்புவதால் அதைத் தவிர்க்கலாம். திசை தெரிய 12 மணித் திசையில் ஒரு நூல் போட்டு அனுப்புங்கள். வாய்ப்பாதைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு துண்டு எடுத்திருந்தால் நீளங்களைக் கூட்டி எழுத வேண்டும். பெரிய துண்டின் அளவை மட்டும் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

வெட்டிய துண்டின் ஓரத்தில் சி.ஐ.என். இருப்பதாக அறிக்கை வந்தாலும் உடனே மறுபடி வெட்ட ஓட வேண்டாம். சுரப்பித் திசு மாற்றமோ புற்றுநோயோ இல்லாத, 50 வயதுக்குக் குறைவான பெண்ணுக்கு 6 மாதத்தில் ஹெச்.பி.வி. பரிசோதனை செய்து முடிவெடுக்கலாம். அந்தப் பரிசோதனை முடிந்த பிறகு கருத்தரிப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. கர்ப்பத்தில் சிகிச்சை செய்வதில்லை. கால்போஸ்கோபியைப் புரிந்துகொள்வதும் அப்போது கடினம்.

கர்ப்பம் உறுதியானதும் என்ன செய்ய வேண்டும்? 10 மி.மீ.க்கு மேல் எடுக்கப்பட்டவர், ஒன்றுக்கு மேற்பட்ட முறை லீப் செய்துகொண்டவர், கத்தியால் கூம்பு வடிவத் துண்டு (கோன்) எடுக்கப்பட்டவர் ஆகியோருக்கு 18 முதல் 22 வாரத்துக்குள் யோனிவழி ஸ்கேனில் வாயின் நீளத்தை அளக்க வேண்டும். முன்பே குறைமாதப் பிரசவம் ஆனவருக்கு 16 வாரத்திலிருந்தே, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை. சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும்; நிரம்பியிருந்தால் அழுத்தத்தில் வாய் நீளமாகத் தெரியும். ஸ்கேன் கருவியை அழுத்திப் பிடித்தாலும் அதே ஏமாற்று. சில நிமிடம் நிதானித்து, மூன்று முறை அளந்து, மிகக் குறைந்த அளவை எழுத வேண்டும்.

24 வாரத்துக்குள் 25 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் தினமும் இரவில் யோனிக்குள் 200 மி.கி. புரோஜெஸ்டிரோன், குறைந்தது 34 வாரம் வரை, அல்லது கர்ப்பப்பை வாயை இறுக்கிக் கட்டும் தையல். பழைய அறுவையால் வாய்த்திசு இழந்திருப்பது தையலைப் பரிசீலிக்க ஒரு காரணம். நீளம் நன்றாக இருக்கும்போது "எதற்கும் இருக்கட்டும்" என்று தையல் போடவோ, படுக்கையிலேயே கிடக்கச் சொல்லவோ ஆதாரம் இல்லை. லீப் செய்ததாலேயே சிசேரியன் தேவையும் இல்லை. 37 வாரத்துக்கு முன் நீர் கசிவு, ரத்தம், அடிவயிற்றில் கனம், விட்டு விட்டு இடுப்பு வலி என்றால் அன்றே வர வேண்டும் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது புதுக் கருவியோ புது நிதியோ அல்ல. சிகிச்சைப் படிவத்திலும் டிஸ்சார்ஜ் சீட்டிலும் நான்கு வரி: மாற்றப் பகுதியின் வகை, செய்த முறை, எடுத்த மொத்த நீளம் மி.மீ.இல், இது எத்தனையாவது முறை. கர்ப்பகாலப் பதிவு அட்டையில் ஒரு கேள்வி: "கர்ப்பப்பை வாயில் சிகிச்சை செய்துகொண்டதுண்டா? உண்டெனில் எத்தனை மி.மீ.?" அளவு தெரியாதவர்களை "இல்லை" பக்கம் சேர்க்காமல், ஸ்கேன் தேவைப்படுபவர்களோடு சேருங்கள். வருட முடிவில் ஒவ்வொரு மையத்திடமும் ஒரு கணக்குக் கேளுங்கள்: முதல் வகைப் பெண்களில் எத்தனை பேருக்கு 10 மி.மீ.க்கு மேல் எடுத்தீர்கள், ஏன்?

இப்படிக்கு,
கால்போஸ்கோபியிலும் மகப்பேறு மருத்துவத்திலும் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள்