கயிற்றின் மறுமுனையில் செவலை

கோபிசெட்டிபாளையம்,
மார்கழி 20

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் வராததற்குப் பெரியப்பாவின் நிலைமைதான் காரணம். ஐப்பசியில் ஒரு சாயங்காலம், வாசலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து எங்கோ போய்விட்டார். நான்கு மணி நேரம் தேடி, தடப்பள்ளி வாய்க்கால் கரையில் கண்டுபிடித்தோம். சந்தைக்குப் போவதாகச் சொன்னார். தண்ணீர் நிறைந்து ஓடிய வாய்க்கால், சேது.

அன்றைக்கு நடந்த ஒன்று என்னை இன்னும் விடவில்லை. தேடப் புறப்பட்டபோது எங்கள் நாய் செவலை வாசல் மண்ணை முகர்ந்துவிட்டு வாய்க்கால் பக்கமாகவே கயிற்றை இழுத்தது. நான் அதட்டிக் கட்டிப்போட்டுவிட்டு, எதிர்த்திசையில் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். மறுநாள் காலையில்தான் அது எனக்கு உறைத்தது. அந்த வாரமே செவலைக்குத் தடம் பிடிக்கும் பயிற்சியைத் தொடங்கிவிட்டேன்.

நாட்டு நாய்க்கு இதெல்லாம் வருமா, அடிக்காமல் வருமா என்று கேட்டிருந்தாய். வருகிறது. நம் மூக்கில் வாசனை அறியும் செல்கள் 50, 60 லட்சம் என்றால் நாய்க்குப் பல கோடி. முகர்வதற்கு நாம் என்ன கற்றுக்கொடுக்கப் போகிறோம்? இந்த ஒரு வாசனையை விடாமல் பின்தொடர்ந்தால் நல்லது கிடைக்கும் என்று புரியவைத்தால் போதும். அதட்டி வளர்த்த நாய் தடத்தில் போகும்போதே தலையைத் தூக்கி நம் முகத்தைப் பார்க்கும். முகத்தைப் பார்க்கிற நாய்க்குத் தடம் தவறிவிடும்.

தொடக்கத்தில் கருவாட்டுத் துண்டுகளைப் போட்டேன். அதன் வாடை வயல் முழுக்கப் பரவியதால் செவலை தரையை விட்டுவிட்டுக் காற்றை முகர்ந்தபடி நேராக அங்கேயே ஓடியது. பிறகு வேகவைத்த கோழி ஈரலுக்கு மாறினேன், சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி. பனி காயாத புல்லில் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டு 15 அடி நடப்பேன். அவருடைய ஒவ்வொரு குதிகால் தடத்திலும் ஒரு துண்டு வைப்பேன். கடைசியில் அவர் தோள் துண்டை மடித்து, அதற்குள் ஒரு கைப்பிடி ஈரல். காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். எதிர்க்காற்றானால் நாய் தரையை மறந்துவிடும். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். காலடியில் நசுங்கிய புல்லின் வாசனையும் மனித உடம்பின் வாசனையும் ஈரத்தில்தான் தங்கி நிற்கின்றன.

ஒரு வாரம் போனதும் இடைவெளி விட்டேன். மூன்றாம் அடியில் ஒன்று, பிறகு ஏழாவதில், அடுத்து உடனே ஒன்று. எந்தத் தடத்தில் இருக்கும் என்று தெரியாதபோதுதான் அது எல்லாத் தடங்களையும் முகர்கிறது. முடிவில் கிடைக்கும் கைப்பிடியை மட்டும் நான் ஒருநாளும் குறைத்ததில்லை. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தேன். ஒருவர் எந்தப் பக்கமாக நடந்து போனார் என்று அறிய, பயிற்சி பெற்ற நாய்களுக்கு ஐந்து காலடிகள் போதுமாக இருந்தனவாம். ஐந்தே ஐந்து! அதைப் படித்த அன்று செவலையின் தலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் பெரியப்பாவை விடியற்காலையில் அழைத்துப் போனான். எந்த வழி என்று என்னிடம் சொல்லக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து, மார்புப்பட்டையில் பத்து மீட்டர் கயிற்றைக் கட்டி, செவலைக்குத் துண்டை முகரக் கொடுத்தேன். வரப்பு பிரியும் இடம் வரை சீராகப் போனது. பெரியப்பா எப்போதும் இடதுபக்கம் மோட்டார் ரூமுக்குத்தான் போவார். செவலையோ நாலடி தாண்டிப் போய், சட்டென்று தலையைத் தூக்கியது. வால் விறைத்தது. திரும்பி வந்து அரைவட்டம் அடித்தது. பிறகு வால் மெல்ல ஆடத் தொடங்கியது, மூக்கு தரைக்கு இறங்கியது, கயிறு விண்ணென்று இறுகியது. வலதுபக்கம், மஞ்சள் காட்டோரமாக. இடதுபக்கம் இழுக்கக் கை பரபரத்தது. இழுக்கவில்லை.

அறுபது எழுபது அடி தள்ளி, பனைமரத்தடியில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். செவலை அவர் முழங்காலில் மோவாயை வைத்தது. மகன் ஈரலை அவர் கையில் கொடுத்தான், அவரே ஊட்டினார். நாற்பது வருஷத்துக்கு முன் செத்துப்போன நாயின் பெயரைச் சொல்லி அதைக் கூப்பிட்டார். அந்தப் பெயருக்கும் வாலாட்டியது.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. வீட்டு ஆட்களின் வாசனை செவலைக்குப் பழகிவிட்டது, இனி புது ஆளின் தடம் வேண்டும். நீ ஒருநாள் முழுக்கத் தோளில் போட்ட துண்டைத் துவைக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்து வா. வேறு யாரும் அதைத் தொட வேண்டாம்.

அன்புடன்,
மணி