ஃபிரான்சி எழுதியதை எரிக்கச் சொல்லாதீர்கள்

பதின்பருவப் பிள்ளைகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற ஆசிரியர்களுக்கும், நூலகர்களுக்கும், வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். பெட்டி ஸ்மித் எழுதிய 'எ ட்ரீ க்ரோஸ் இன் புரூக்ளின்' நாவலைப் பிள்ளைகளுக்கான பட்டியலில் சேர்க்கலாம் என்று நான் சொன்னபோது உங்களில் சிலர் தயங்கினீர்கள். குடிகார அப்பா, பட்டினி, கல்யாணம் ஆகாமல் குழந்தை பெற்ற பெண், மாடிப்படியில் சிறுமியைப் பிடிக்க வருகிற ஒருவன், இதெல்லாம் 14 வயதுக்கு எதற்கு என்று கேட்டீர்கள். அந்தப் பகுதிகளை எடுத்துவிட்டுச் சுருக்கிக் கொடுத்தால் என்ன என்றும் ஒருவர் கேட்டார். அக்கறையில்தான் கேட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இரண்டையும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க் என்ற பகுதி. 1912 கோடையில் ஒரு சனிக்கிழமை நாவல் தொடங்குகிறது, ஃபிரான்சி நோலனுக்கு அப்போது 11 வயது. அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி என்று எங்கெங்கிருந்தோ வந்த ஏழைகளும் யூதக் குடும்பங்களும் ஒண்டுக்குடித்தனங்களில் நெருக்கியடித்து வாழ்கிற இடம். அப்பா ஜானி விருந்துகளில் பாட்டுப் பாடிக்கொண்டே பரிமாறுகிற வெயிட்டர். அழகன், அன்பானவன், குடிகாரன். வேலை என்றைக்கு வரும் என்று சொல்லமுடியாது. அம்மா கேட்டி குடியிருக்கிற கட்டடத்தையே வாடகைக்கு ஈடாகத் தேய்த்துக் கழுவுகிறாள். தம்பி நீலி. அந்தக் குடும்பம் 1918 வரை எப்படிச் சமாளித்தது, அந்தப் பெண் எப்படி வளர்ந்து அங்கிருந்து வெளியே போனாள் என்பதுதான் நாவல்.

அந்த முதல் சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். அக்காவும் தம்பியும் வாரம் முழுக்கப் பொறுக்கிச் சேர்த்த கந்தலையும் காகிதத்தையும் உலோகத் துண்டுகளையும் காயலான் கடைக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். கடைக்காரன் பெண்பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளுவான், கிள்ளவிட்டால் ஒரு சென்ட் கூடுதலாகத் தருவான். ஃபிரான்சி அந்த ஒரு சென்ட்டுக்காக அசையாமல் நிற்கிறாள். நாவலாசிரியர் இங்கே ஒரு வார்த்தைகூடக் கண்டித்து எழுதவில்லை, காசைக் கணக்குப் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். அப்புறம் சம்பாதித்ததில் பாதி, அலமாரிக்குள் தரையோடு ஆணியடித்து வைத்த தகர டப்பா உண்டியலுக்குப் போகிறது. என்றைக்காவது சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பதற்காகப் பாட்டி சொல்லிக்கொடுத்த ஏற்பாடு அது. கடைசியில் அந்த உண்டியலை உடைத்துத்தான் அப்பாவைப் புதைக்க இடம் வாங்குகிறார்கள். இதையும் அழவைக்கிற தொனி இல்லாமல்தான் எழுதியிருக்கிறார்.

வீட்டில் ஒன்றுமே இல்லாத நாட்களில் கேட்டி பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு விளையாடுவாள். நாமெல்லாம் வட துருவத்தைக் கண்டுபிடிக்கப் போனவர்கள், பனிப்புயலில் குகைக்குள் மாட்டிக்கொண்டோம், உதவி வரும்வரை இருக்கிற துளியைப் பங்கிட்டுச் சாப்பிட வேண்டும். பிள்ளைகளும் உற்சாகமாக விளையாடுகிறார்கள். ஒரு நாள் ஃபிரான்சி கேட்கிறாள்: அவர்கள் பசியோடு கிடந்ததற்கு ஒரு காரணம் இருந்தது, கடைசியில் வட துருவத்தைக் கண்டுபிடித்தார்கள், நாம் இப்படிப் பசியோடு கிடப்பதால் என்ன பெரிய காரியம் நடக்கப்போகிறது? அம்மாவிடம் பதில் இல்லை. வறுமையைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை, இதைக் கேட்பது ஒரு சின்னப் பெண்.

காப்பி வரும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், அதை விட எனக்கு மனமில்லை. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று கோப்பை காப்பி உண்டு. ஃபிரான்சிக்கு அதன் வாசனையும் கோப்பையின் சூடும் போதும், பல நேரம் குடிக்காமல் கையில் வைத்திருந்துவிட்டுக் கொட்டிவிடுவாள். இப்படி வீணாக்கலாமா என்று கேட்டியின் சகோதரிகள் கேட்கிறார்கள். அது அவள் பங்கு, குடிப்பதும் கொட்டுவதும் அவள் இஷ்டம், நம்மைப் போன்றவர்கள் எப்போதாவது எதையாவது வீணாக்க முடிந்தால் நல்லதுதான் என்கிறாள் கேட்டி. காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற, பழைய ரொட்டியை மலிவு விலைக்கு வாங்கி வாரம் முழுக்க அதிலேயே விதவிதமாகச் சமைத்துப் போடுகிற ஒரு பெண் சொல்கிற பேச்சு இது.

சரி, இப்போது நீங்கள் எடுக்கச் சொல்கிற பகுதிகளுக்கு வருகிறேன். இந்த நாவலுக்குள்ளேயே உங்கள் கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. பதிலும் அங்கேயே இருக்கிறது.

ஃபிரான்சி கட்டுரை நன்றாக எழுதுவாள். பூ, பறவை, வானம் என்று கண்ணில் படாத அழகையெல்லாம் எழுதி முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தவள், அப்பா இறந்தபிறகு அவரைப் பற்றி எழுதத் தொடங்குகிறாள். அவர் குடித்தார், ஆனால் நல்லவர் என்று காட்டத்தான் எழுதுகிறாள். மிஸ் கார்ண்டர் என்ற ஆசிரியை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டு அனுப்புகிறார். பசி, குடி, வறுமை எல்லாம் அசிங்கமான விஷயங்கள், அவை இருப்பது உண்மைதான், ஆனால் அவற்றை யாரும் எழுதுவதில்லை, போய் எல்லாவற்றையும் அடுப்பில் போடு, போடும்போது 'அசிங்கத்தை எரிக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே போடு என்கிறார். ஃபிரான்சி வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கிறாள், அந்த வார்த்தைகளைச் சொல்லியபடியே எரிக்கிறாள். எரிப்பது முதல் மதிப்பெண் வாங்கிய பூக் கட்டுரைகளை. அப்பாவைப் பற்றி எழுதிய நான்கும் மிஞ்சுகின்றன.

மிஸ் கார்ண்டர் கெட்டவர் அல்ல என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பெண் முன்னுக்கு வரவேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறவர். அவருக்குத் தெரியாத ஒன்றே ஒன்று, அவர் அசிங்கம் என்று சொல்கிற இடம் அந்தப் பெண்ணின் வீடு. உங்கள் வாசிப்பு வட்டத்தில் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் அதில் ஒருவராவது சாயங்காலம் அப்பா வரும்போது கதவு எப்படித் திறக்கிறது என்பதை வைத்தே அன்றைய இரவைக் கணக்குப் போடுகிற பிள்ளையாக இருக்கலாம். யார் என்று உங்களுக்குத் தெரியாது, அவர்கள் சொல்லவும் மாட்டார்கள். குடிகார அப்பா வருகிற கதை பிள்ளைகளுக்கு ஆகாது என்று நீங்கள் சொல்லும்போது அதைக் கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் பிள்ளையும்தான்.

இதே நாவலில் இன்னொரு ஆசிரியையும் வருகிறார். ஃபிரான்சி சின்னவளாக இருக்கும்போது வகுப்பில் 'பை' (pie) என்கிற ஒரு பலகாரத்தை ஏழைச் சிறுமிகளுக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு, வழியிலேயே தானே தின்றுவிடுகிறாள். மறுநாள் அவர்கள் சாப்பிட்டதாகப் பெரிய கதை கட்டிச் சொல்கிறாள், பொய் சொல்லிக்கொண்டே போய் மாட்டிக்கொள்கிறாள். அந்த ஆசிரியை திட்டவில்லை, தண்டிக்கவில்லை. இந்தப் பிள்ளைக்குப் பசி என்பது அவருக்குப் புரிந்துவிடுகிறது. நடந்ததை நடந்தபடி சொல், எப்படி நடந்திருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றுவதைத் தனியாகக் கதையாக எழுது என்று சொல்லி அனுப்புகிறார். ஒரு எழுத்தாளரை உண்டாக்க அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. இந்த இரண்டு ஆசிரியைகளில் நாம் யாராக இருக்கப்போகிறோம் என்பதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு, அதையும் இந்த நாவலே தருகிறது. ஜானி இறந்ததும் மருத்துவர் சாவுக்குக் காரணமாக நிமோனியாவையும் குடியையும் சேர்த்து எழுதப்போகிறார். கேட்டி விடவில்லை. நிமோனியா என்று மட்டும் எழுதுங்கள், என் பிள்ளைகள் நாளைக்கு நல்ல நிலைக்கு வருவார்கள், அவர்கள் தலையில் இது எதற்கு என்று மன்றாடுகிறாள். பாதிரியாரும் அவளுக்காகப் பேசுகிறார். அப்படியானால் மறைப்பதும் சில நேரம் அன்புதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். ஆனால் அவள் மறைத்தது ஊரிடமும் ஒரு காகிதத்திடமும். பிள்ளைகளுக்கு அப்பா எப்படிப்பட்டவர் என்பது முழுக்கத் தெரியும், தெரிந்துதான் நேசித்தார்கள். நாம் சுருக்கிக் கொடுத்தால் மறைக்கப்போவது பிள்ளைகளிடம்.

மாடிப்படிச் சம்பவம்தான் உங்களை அதிகம் பயமுறுத்துகிறது என்பது புரிகிறது. அக்கம்பக்கத்தில் சிறுமிகளைக் குறிவைத்துத் திரிகிற ஒருவன் ஃபிரான்சியைக் கட்டடத்துக்குள்ளேயே பிடித்துவிடுகிறான், கேட்டி துப்பாக்கியோடு வந்து அவனைச் சுடுகிறாள். படிக்கக் கஷ்டமான பக்கங்கள், மறுக்கவில்லை. ஆனால் அதை ருசித்து எழுதவில்லை. அங்கே ஏன் போனாய், ஏன் அப்படி நின்றாய் என்று வீட்டில் ஒருவரும் அந்தப் பெண்ணைக் கேட்பதில்லை. 13, 14 வயதுப் பெண்பிள்ளைகள் அந்த ஒன்றைப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், ஆண்பிள்ளைகளும் படிக்க வேண்டும். ஜோவன்னா என்ற இளம்பெண் கல்யாணம் ஆகாமல் பெற்ற குழந்தையைப் பெருமையாக வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவதும், தெருப் பெண்கள் கல்லெறிவதும், ஒரு கல் குழந்தைமேல் பட்டு ரத்தம் வருவதும் அப்படித்தான். கல்லெறிந்தவர்களும் பெண்கள் என்பதை ஃபிரான்சி பார்த்துக்கொண்டு நிற்கிறாள், வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டாள். இதை எடுத்துவிட்டால் அவள் எப்படி வளர்ந்தாள் என்பதே புரியாது.

உண்மையிலேயே உட்கார்ந்து பேச வேண்டிய குறை ஒன்று இருக்கிறது, அதை உங்களில் யாரும் சொல்லவில்லை. அந்தத் தெருவின் ஐரிஷ், ஜெர்மன் பிள்ளைகள் யூதர்களைப் பற்றிப் பேசுகிற பேச்சு மோசமானது. அதைக் கதைசொல்லும் குரல் எல்லா இடத்திலும் தள்ளிவைத்துப் பார்ப்பதில்லை. ஏழைகள் தங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு ஏழையை எப்படி இழிவாகப் பேசுகிறார்கள் என்று பிள்ளைகளிடம் பேச அதுவே நல்ல இடம், பக்கத்தைக் கிழிக்க வேண்டியதில்லை. இறுதிப் பகுதியில் வசதியான ஒருவர் கேட்டியை மணக்க வருவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கொஞ்சம் சுலபமான தீர்வு. ஆனால் அதற்கு முன்பே ஒரு கடினமான முடிவை நாவல் நம்மிடம் வைத்துவிடுகிறது. இரண்டு பிள்ளைகளில் ஒருவரைத்தான் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்ப முடியும் என்றபோது கேட்டி மகனை அனுப்புகிறாள். அவனைப் பிடித்துத் தள்ளாவிட்டால் படிக்கமாட்டான், இவள் எப்படியும் வழி கண்டுபிடித்துக்கொள்வாள் என்பது அவள் கணக்கு. கணக்கு சரியாகவும் இருக்கிறது, அநியாயமாகவும் இருக்கிறது. ஃபிரான்சி வயதைக் கூட்டிச் சொல்லிக் காகிதப் பூ செய்கிற இடத்தில் வேலைக்குப் போகிறாள், பிறகு செய்தித்தாள்களைப் படித்துத் துணுக்குகள் எடுத்துக்கொடுக்கிற நிறுவனத்தில் சேர்கிறாள், கடைசியில் மிச்சிகனுக்குப் படிக்கப் போகிறாள். நம் வீடுகளில் இந்தக் கணக்கு இன்னும் போடப்படுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி ஸ்மித் 1896-ல் அதே வில்லியம்ஸ்பர்க்கில் ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர், பின்னாளில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வகுப்புகளுக்குப் போய் எழுத்துக்காகப் பரிசு வாங்கினார். நாவல் 1943-ல் வெளிவந்தது. அந்தப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு இலவசமாகக் கொடுக்கச் சட்டைப்பையில் அடங்கும் அளவில் 12 கோடிக்கும் மேற்பட்ட புத்தகங்கள் அச்சானபோது, அந்த வரிசையில் வீரர்கள் மிகவும் விரும்பிக் கேட்ட புத்தகங்களில் இதுவும் ஒன்று. புரூக்ளினைப் பார்த்தே இராதவர்களும் முகாம்களிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த நாள் உயிரோடு இருப்போமா என்று தெரியாத இளைஞர்கள் படிக்க விரும்பியது பழைய ரொட்டியும் உண்டியலும் குடிகார அப்பாவும் இருக்கிற இந்தக் கதையைத்தான்.

நூலகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஃபிரான்சி தன் பேட்டை நூலகத்தின் எல்லாப் புத்தகங்களையும் அகரவரிசைப்படி, நாளுக்கு ஒன்றாகப் படித்துவிட வேண்டும் என்று தொடங்கியவள். சனிக்கிழமை மட்டும் நூலகரிடம் ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்பாள். அந்த அம்மாள் நிமிர்ந்தே பார்ப்பதில்லை, வயது என்ன என்று கேட்டுவிட்டு ஒவ்வொரு வாரமும் அதே புத்தகங்களையே எடுத்துக் கொடுப்பார். பல வருடம் கழித்து, வளர்ந்தபிறகு ஃபிரான்சி போய்க் கேட்டாலும் அதே கேள்வி, அதே புத்தகம். வயதை வைத்து மட்டும் புத்தகம் கொடுப்பது என்றால் அதுதான். வருகிற பிள்ளையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். முழு நாவலையும் பட்டியலில் வையுங்கள். 13 வயதுக்கு மேல் என்று குறிப்புப் போட வேண்டுமென்றால் போடுங்கள், அதில் எனக்குத் தடையில்லை. மாடிப்படி அத்தியாயம் படிக்கிற வாரம் ஒரு பெரியவர் கூட இருக்கட்டும், பேச விரும்புகிற பிள்ளை தனியாக வந்து பேச இடம் இருக்கட்டும். முதல் கூட்டத்துக்கு அந்தச் சனிக்கிழமைப் பக்கங்கள் போதும், படித்து முடித்ததும் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்காமல் அவரவர் வீட்டுச் சனிக்கிழமையை எழுதச் சொல்லுங்கள். எழுதியதில் குடியோ பசியோ வந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். பட்டியலை மறுபடி எடுத்துப் பேசுகிற நாளில் என்னையும் கூப்பிடுங்கள், புத்தகத்தோடு வருகிறேன். எந்தப் பக்கத்தில் உங்களுக்குச் சந்தேகமோ அந்தப் பக்கத்தைச் சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் வாசிப்பு வட்டத்தின் ஒரு வாசகர்